கேமரா பாடியை மாற்றலாமா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒரு ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள) மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகை) பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், வாங்கினேன். ஏழே மாதத்தில் 38,000 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றேன். அந்தக் கேமராவில் ஒரு குறையும் இல்லை. என் படங்களுக்கு என்ன தேவை என்று பார்க்காமல், பாடியின் விலையை மட்டும் பார்த்து வாங்கியதால் வந்த நஷ்டம் அது.

கிட் லென்ஸோடு வந்த ஒரு தொடக்கநிலை கேமராவை வைத்துக்கொண்டு, வார நாளில் ஒரு வேலை, ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா என்று ஓடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மஞ்சக்குப்பத்தில் அப்படித்தான் ஆரம்பித்தேன். கையில் இருந்தது கேனான் 1500டி, 18-55 லென்ஸ், 55-250 லென்ஸ். நிக்கான், சோனி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## 1. கழித்துப்போட்ட படங்களை எண்ணுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதற்கு ஒதுக்குங்கள். கடைசி மூன்று மாதத்தில் எடுத்து, வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் தள்ளிவைத்த படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் வீணானது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கை ஆடியது, ஆள் அசைந்தது, ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்தது, புள்ளிபுள்ளியாக நாய்ஸ் வந்தது, நேரத்துக்கு க்ளிக் ஆகவில்லை, சட்டகமே சரியில்லை. இப்படி ஆறேழு பத்தி போட்டால் போதும். படத்தின் விவரத்தில் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றும் இருக்கும். அதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு படம் நன்றாக நினைவிருக்கிறது. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயில் மலையில் ஒரு முகூர்த்த நாள். அங்கே ஒரே காலையில் நூற்றுக்கு மேல் கல்யாணம் நடக்கும் நாட்கள் உண்டு. நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அடுத்த ஜோடி பின்னாலேயே நிற்கும். தாலி கட்டும் அந்த நொடியை எடுத்தேன். மாப்பிள்ளையின் முகம் சுத்தமாக இருக்கிறது, முடிச்சுப் போடும் விரல்கள் மட்டும் கலங்கிப் போயிருக்கின்றன. அன்று எனக்குத் தோன்றியது 'பாடி பழசாகிவிட்டது' என்பதுதான். பின்னால் விவரத்தைத் திறந்து பார்த்தால் ஷட்டர் 1/30, அப்பர்ச்சர் 5.6, ஐ.எஸ்.ஓ 3200. முப்பதில் ஒரு நொடிக்குள் விரல் நகர்ந்துவிடும். எந்தப் பாடி வைத்திருந்தாலும் அந்த வேகத்தில் அந்தப் படம் கலங்கியே இருக்கும்.

கணக்கு முடிந்ததும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "என் கேமரா இதைச் செய்ய மறுக்கிறது." அந்த 'இதை' என்ன என்று உங்கள் படத்தைக் காட்டிச் சொல்ல முடியவில்லை என்றால், இப்போதைக்குப் பாடி வேண்டாம்.

## 2. காசில்லாமல் சரியாகிறவற்றை முதலில் சரிசெய்யுங்கள்

ஜேபெக்கில் மட்டும் எடுப்பவர் என்றால் ரா ஃபைலுக்கு (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) மாறுங்கள். மண்டபத்தின் மஞ்சள் விளக்கு, மேடையின் ஊதா விளக்கு இரண்டும் கலந்த முகத்தை ராவில்தான் மீட்க முடியும். 1500டியில் உள்ள 9 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்குவகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிக்கும் வகை). வெளிச்சம் குறைந்த இடத்தில் அதைத்தான் நம்ப வேண்டும். புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டிருந்தால், மணப்பெண்ணின் கண்ணுக்குப் பதிலாக முன்னால் இருக்கும் மாலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் என் நோட்டில் இரண்டாவது பெரிய பத்தி. நடுப்புள்ளிக்கு மாறியதும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

நாய்ஸ்தான் உங்கள் பிரச்சினை என்றால், படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் வந்த டீநாய்ஸ் வசதியில் பழைய ரா படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ 6400 படம் ஆல்பத்துக்குப் போகும் அளவுக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் மெதுவானது என்றால் ஒரு படத்துக்குப் பல நிமிடம் எடுக்கும், அதனால் முக்கியமான படங்களுக்கு மட்டும் செய்யுங்கள்.

## 3. பாடிக்கு முன் லென்ஸும் ஃபிளாஷும்

திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருடமாகக் கல்யாணம் எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் பாடி பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, மொதல்ல ஒரு அம்பதை மாட்டிப் பாரு. அப்புறமும் பத்தலைன்னா பாடியப் பத்திப் பேசலாம்." நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள், ஏனென்றால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

18-55 கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் அப்பர்ச்சர் 5.6 தான். 50 மி.மீ 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். புதிதாக வாங்கினாலும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். மறுபக்கம், 1500டியின் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் பரப்பு இரண்டரை மடங்கு கூடும். அதே அப்பர்ச்சரில் நாய்ஸ் விஷயத்தில் கிடைக்கும் லாபமும் அந்த அளவுதான். அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல். திருவந்திபுரத்து அந்தப் படத்தை 50 மி.மீ லென்ஸில் அப்பர்ச்சர் 2 வைத்து எடுத்திருந்தால், அதே ஐ.எஸ்.ஓ 3200-இல் ஷட்டர் 1/250-க்கு வந்திருக்கும். விரல்கள் நின்றிருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1500டி போன்ற சிறிய சென்சாரில் 50 மி.மீ லென்ஸ், 80 மி.மீ போல நெருக்கமாகத் தெரியும். நெரிசலான மலைமேல் பின்னால் நகர இடமிருக்காது. அதனால் தாலிக்கு 50, குடும்பத்தோடு நிற்கும் படத்துக்கு 18-55 என்று பிரித்துக்கொள்ளுங்கள். அல்லது 24 மி.மீ, 35 மி.மீ லென்ஸ் பாருங்கள்.

ஃபிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல், வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால் மண்டபமே மாறிவிடும். கருப்பு, சிவப்புத் துணியில் பந்தல் போட்டிருந்தால் இது வேலைக்காகாது. நிறம் முகத்தில் ஏறிவிடும். கோயிலுக்குள் எதை, எங்கே எடுக்கலாம் என்பதை அங்கே கேட்டுக்கொண்டே எடுங்கள்.

இந்த லென்ஸையும் ஃபிளாஷையும் வைத்து ஐந்து நிகழ்ச்சி செய்யுங்கள். பிறகு நோட்டில் மறுபடியும் எண்ணுங்கள்.

## 4. பாடியை மாற்ற நியாயமான காரணங்கள்

இத்தனைக்கும் பிறகு சில பத்திகள் குறையாமல் நிற்கும். அவைதான் பாடி சம்பந்தப்பட்டவை.

முதலாவது, இரட்டைக் கார்டு. என்னைப் பொறுத்தவரை காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம். ஒரு காதுகுத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்டது. காலையிலிருந்து எடுத்த அத்தனையும் அதில்தான். மீட்பு மென்பொருள் போட்டு இரவு முழுக்க உட்கார்ந்ததில் முக்கால்வாசி கிடைத்தது. தாய்மாமன் மடியில் குழந்தை அழுத படங்கள் கிடைக்கவே இல்லை. அந்த வீட்டுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைக்கு இன்னொரு காதுகுத்து வரப்போவதில்லை. அன்றிலிருந்து கூலிக்கு எடுக்கும் எந்த வேலையிலும் இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகாமல் நான் எடுப்பதில்லை.

இங்கே கவனம் வேண்டும். விலை அதிகம் என்பதற்காக இரண்டு கார்டு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கேனானில் ஆர்8 ஃபுல் ஃபிரேம், ஆனால் ஒரே கார்டு. அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஆர்7-இல் இரண்டு. ஆர்6 மார்க் 2-இல் இரண்டு. நிக்கானில் இசட்5, சோனியில் ஏ7 மார்க் 3 இரண்டிலும் இரண்டு.

அடுத்தது ஃபோகஸ். மாலை மாற்றும்போது, ஊர்வலத்தில் நடந்து வரும்போது, சாமி தூக்கி வரும்போது கண்ணைப் பிடித்துத் தொடரும் வசதி இப்போதைய மிரர்லெஸ் பாடிகளில் பெரிய வித்தியாசம். உங்கள் நோட்டில் 'ஆள் நகரும்போது ஃபோகஸ் தவறியது' என்ற பத்திதான் பெரியது என்றால், இதற்குக் காசு கொடுக்கலாம். ஊசுட்டேரியில் பறவை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அவர்களுக்குப் பாடியைவிட நீளமான லென்ஸ்தான் பெரும்பாலும் முதல் தேவை.

மூன்றாவது, உப்புக்காற்றும் தண்ணீரும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ தீர்த்தவாரி எடுத்தவருக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் லென்ஸ் கண்ணாடியில் ஒரு படலம் படிந்துவிடும். ரப்பர் அடைப்பு உள்ள பாடி உதவும், ஆனால் லென்ஸிலும் அந்த அடைப்பு இருந்தால்தான் பலன். மாதம் ஒரு முறை கடற்கரைக்குப் போவதற்காக மட்டும் பாடியை மாற்ற வேண்டாம். மழை உறை ஒன்று சில நூறு ரூபாய்.

மெகாபிக்சலுக்காக மாற்றவே வேண்டாம். ஆல்பத்தில் ஒரு பக்கம் 12×18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3600×5400 தேவை, அதாவது 20 மெகாபிக்சலுக்கும் குறைவு. உங்கள் 24 மெகாபிக்சல் கேமரா அதைத் தாண்டி நிற்கிறது. வீடியோவும் எடுக்கிறீர்கள், 4கே கேட்கிறார்கள் என்றால் அது தனிக் காரணம். வரும் வேலையைப் பொறுத்து முடிவுசெய்யுங்கள்.

## 5. பழைய லென்ஸ் எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள்

நான் விழுந்த குழி இதுதான். "பழைய லென்ஸ் எல்லாம் அடாப்டர் போட்டா அப்படியே வேலை செய்யும்" என்று கடையில் சொன்னார்கள். அடாப்டர் என்பது பழைய லென்ஸைப் புதிய பாடியோடு இணைக்கும் வளையம். மாட்டினால் வேலை செய்தது உண்மை. ஆனால் என் இரண்டு லென்ஸும் சிறிய சென்சாருக்கான இ.எஃப்-எஸ் வகை. ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டியதும் கேமரா நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 24 மெகாபிக்சல் சுமார் 9 ஆகிவிட்டது. நேராக அச்சிட்டால் ஒப்பேறும், கொஞ்சம் வெட்டிச் சரிசெய்தால் ஆல்பத்தில் தெரிந்துவிடும். ஒன்றரை லட்சம் கொடுத்துவிட்டுப் பழைய கேமராவைவிடச் சின்னப் படம் கையில். ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வாங்க இன்னொரு கடன் வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் விற்றேன்.

கடைக்காரரிடம் 'போடலாமா' என்று கேட்காதீர்கள். இந்த மூன்றைக் கேளுங்கள்: முழு சென்சாரும் பயன்படுமா, ஆட்டோஃபோகஸ் வருமா, அடாப்டர் பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா? நிக்கானில் சிறிய சென்சாருக்கான டி.எக்ஸ் லென்ஸை ஃபுல் ஃபிரேமில் மாட்டினாலும் இதே கதைதான். 24 மெகாபிக்சல் பத்து சொச்சத்துக்கு இறங்கும். பழைய ஏ.எஃப்-டி வகை நிக்கான் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். புதிய இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்.டி.இசட் அடாப்டரில் அவற்றுக்கு ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால்தான் திருப்ப வேண்டும்.

## 6. ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுங்கள்

வாங்க நினைக்கும் அதே மாடலை, உங்கள் லென்ஸோடு, ஒரு நாள். பாடிக்கு நான் கொடுத்தது நாளுக்கு 2,000 ரூபாய். புதுச்சேரியில் கிடைக்கவில்லை என்றால் சென்னையிலிருந்து எடுக்கலாம். போகவர ஒரு நாள் கூடும், அதற்கும் வாடகை ஓடுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதார் நகல், முகவரிச் சான்று, முன்பணம் கேட்பார்கள். சிலர் கையெழுத்திட்ட காசோலை கேட்பார்கள். தொகை எழுதாத வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். அசல் ஆதாரை விட்டுவிட்டு வரச் சொன்னால் அந்த இடமே வேண்டாம். நகலின் மேல் 'கேமரா வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாங்கும்போதே அவர்கள் முன்னாலேயே கீறல், திரை, மவுண்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வளையம்) எல்லாவற்றையும் மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

உங்கள் முக்கியமான கல்யாணத்தில் அதைப் பிரதானமாக வைக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பழகிப் பாருங்கள். மேடை எல்.இ.டி விளக்குக்கு முன்னால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஒரு படம், மெக்கானிக்கல் ஷட்டரில் ஒரு படம் எடுங்கள். முதலாவதில் குறுக்கே பட்டை பட்டையாக விழலாம். வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பதறியவர்கள் நிறையப் பேர்.

## 7. பாடியின் விலையை விட்டு மொத்த விலையை எழுதுங்கள்

பழைய பேட்டரி பொருந்தாது என்பதில் ஆரம்பிக்கலாம். 1500டியின் பேட்டரி ஆர்7-க்கும் போகாது, ஆர்8-க்கும் போகாது. மிரர்லெஸ் பேட்டரியை வேகமாகக் குடிக்கும், அதனால் கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். அடாப்டர் வேண்டும். வேகமான கார்டு இரண்டு வேண்டும். பழைய கார்டைப் போட்டால் தொடர்ந்து எடுக்கும்போது கேமரா நின்று நின்று எழுதும். 32 மெகாபிக்சல் ரா படம் ஒன்று 35 எம்.பி அளவில் வரும். 2,000 படம் எடுத்தால் 70 ஜி.பி. அப்படியென்றால் 128 ஜி.பி கார்டுகள், வீட்டில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டரைக் கணக்கில் சேர்க்கப் பலரும் மறந்துவிடுகிறோம். பழைய லைட்ரூம், பழைய போட்டோஷாப் வைத்திருந்தால் புதிய பாடியின் ரா ஃபைலைத் திறக்கவே திறக்காது. அடோபியின் டி.என்.ஜி கன்வெர்ட்டர் இலவசம், அதில் மாற்றித் திறக்கலாம். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். வாடகைக்கு எடுத்த அன்றே நாலு ரா ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது முறை வாங்கியபோது பாடி தவிர எனக்கு 34,000 ரூபாய் ஆனது. இதை முன்பே எழுதி வைத்திருந்ததால் கை கடிக்கவில்லை.

அப்புறம், வருமானத்தோடு பொருத்துங்கள். செலவெல்லாம் போக ஒரு நிகழ்ச்சிக்கு உங்கள் கையில் நிற்பது 5,000 என்றால், ஒன்றரை லட்சம் என்பது முப்பது நிகழ்ச்சி. வருடத்துக்குப் பத்து நிகழ்ச்சிதான் செய்கிறீர்கள் என்றால் மூன்று வருடம். ஆசைக்காக வாங்குவதில் தப்பில்லை, ஆனால் 'தொழிலுக்காக' என்று வீட்டில் சொல்வதற்கு முன் இந்த எண் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

## 8. எங்கே வாங்குவது: கடை, பழையது, பிரான்சிலிருந்து வருவது

கடலூரில் இன்னமும் பலர் சொல்வது, 'பாண்டியில் வரி குறைவு'. கேமராவுக்கு அது பொருந்தாது. டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, இரண்டு பக்கமும் அதேதான். பாண்டியில் விலை குறைந்தால் அது கடையின் தள்ளுபடி, இல்லையென்றால் பில் இல்லாத சரக்கு.

பில் இல்லாத சரக்கைப் பெட்டியிலேயே கண்டுபிடிக்கலாம். முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கர் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில் என்று சொல்லி 'எஸ்டிமேட்' எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்தாலும் அப்படித்தான். வாரன்டி, இன்சூரன்ஸ், கடன், மறுவிற்பனை நாலுக்கும் பாடியின் சீரியல் நம்பர் எழுதிய வரி பில்தான் ஆதாரம்.

புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. 'சித்தப்பா வரும்போது வாங்கி வரட்டும்' என்று ஒரு யோசனை வரும். அங்கே கடை விலையில் 20 சதவீத வரி சேர்ந்தே இருக்கிறது. அதைத் திரும்பப் பெறும் வசதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்குத்தான், அங்கேயே வசிக்கும் சித்தப்பாவுக்குக் கிடையாது. இங்கே விமான நிலையத்தில் சுங்கம் வேறு. அந்த ஊர் வாரன்டி இங்கே செல்லுமா என்று வாரன்டி அட்டையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். இவ்வளவும் கூட்டினால் பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் நிற்காது.

பழையது வாங்குவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் பகலில், வெளிச்சத்தில் பார்த்து. நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஃபிளாஷ் மாட்டும் மேல் தண்டவாளம். கடற்கரையில் அதிகம் உழைத்த கேமரா என்றால் அங்கே உலோகத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளிருக்கும் செம்பு நாக்குகளையும் பாருங்கள். புதுச்சேரியில் ஒருவர் வீட்டில் நான் பார்த்த பாடி, மேலே துடைத்து வைத்ததில் புத்தம் புதிதாக இருந்தது. மூடியைத் திறந்ததும் நாக்குகள் கறுத்துப் போயிருந்தன. வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பிறகு அப்பர்ச்சரை 16-இல் வைத்து வெளுத்த வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் உள்ள தூசியும் கறையும் தெரிந்துவிடும். லென்ஸ் மூடியைப் போட்டு 30 நொடி எக்ஸ்போஷர் எடுத்தால் கெட்ட பிக்சல்கள் தெரியும். லென்ஸ் இருந்தால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை. ஷட்டர் கணக்கு (இதுவரை எத்தனை க்ளிக் ஓடியது என்பது) நிக்கானில் ஜேபெக் படத்தின் விவரத்திலேயே கிடைக்கும். கேனானில் பெரும்பாலும் யு.எஸ்.பி-யில் கம்ப்யூட்டரோடு இணைத்து மென்பொருளில்தான் பார்க்க வேண்டும், அதனால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி750 போன்றவற்றின் ஷட்டர் 1,50,000 க்ளிக்குக்குச் சோதிக்கப்பட்டது. ஒன்றேகால் லட்சம் ஓடிய பாடிக்குப் பாதி ஓடியதன் விலையைக் கொடுக்காதீர்கள்.

அசல் பில், பெட்டி, பெட்டியிலும் பாடியிலும் ஒரே சீரியல் நம்பர், விற்பவரின் அடையாள நகல், 'இன்ன நம்பர் கேமராவை இவ்வளவுக்கு விற்றேன்' என்று ஒரு கடிதம். பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். பில் தொலைந்துவிட்டது என்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் காவல் நிலையத்துக்கு நடப்பது நீங்கள்தான்.

## 9. கடனும் காகிதமும்

'நோ காஸ்ட் இ.எம்.ஐ' என்று எழுதியிருந்தாலும் மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, வட்டிமேல் ஜி.எஸ்.டி உண்டா, ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையுமா. மூன்றாவது கேள்விக்கு 'குறையும்' என்று பதில் வந்தால், அந்த வித்தியாசம்தான் வட்டி.

தொழிலாகச் செய்பவர்கள் சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனைப் பாருங்கள். 50,000 வரை சிஷு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. சொத்து அடமானம் வேண்டியதில்லை. நான் இரண்டாவது பாடியை இதில்தான் வாங்கினேன். நான் கொடுத்தவை: ஆதார், பான், இரண்டு புகைப்படம், முகவரிச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், உத்யம் (சிறுதொழில்) பதிவுச் சான்று, கடையின் கொட்டேஷன். கொட்டேஷனில் பாடி, அடாப்டர், கார்டு, பேட்டரி எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பாடிக்கு மட்டும் வாங்கினால் மற்றதெல்லாம் கைக்காசு. மனு கொடுத்ததிலிருந்து பணம் வர எனக்கு 26 நாள் ஆனது, அதில் பத்து நாள் முகவரி மாறியிருந்ததால் போனது. ஆதாரில் இருக்கும் முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம். தேடினால் மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

ஜி.எஸ்.டி பதிவு வைத்திருக்கும் கடலூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. புதுச்சேரிக் கடையில் நேரில் வாங்கி, அங்கேயே கையில் எடுத்துக்கொண்டு வந்தால், அந்த மாநில வரி போட்டுப் பில் வரலாம். அப்படி வந்தால், கட்டிய வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் கழித்துக்கொள்ள முடியாமல் போகலாம். லட்ச ரூபாய் அடிப்படை விலைக்கு 18,000 ரூபாய் விஷயம். வாங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டுவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவே இல்லாதவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

## 10. எப்போது வாங்குவது, வாங்கியதும் என்ன செய்வது

முகூர்த்தம் நெருங்கும்போது வாங்கவே வாங்காதீர்கள். புதிய பாடியின் பட்டன்கள் விரலுக்குப் பழக ஒரு மாதம் வேண்டும். ஆடி பிறக்கும்போது கையில் இருந்தால் நல்லது. கல்யாணம் இல்லாத அந்த மாதம் முழுக்கப் பழகலாம், வீராம்பட்டினம் தேர் மாதிரி ஏதாவது ஒரு கூட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம், ஆவணியில் நம்பி எடுக்கலாம். அடுத்த வாய்ப்பு மார்கழி. தீபாவளித் தள்ளுபடி நல்லதுதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழையும் புயலும். வாங்கிய பெட்டியை ஈரச் சுவர் ஓரத்து பீரோவில் வைத்தால் தை மாதத்தில் பூஞ்சையோடு எடுப்பீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி வாங்கி, 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

பழைய பாடியை விற்று வரும் பத்துப் பதினைந்தாயிரத்துக்கு ஆசைப்படாதீர்கள். என் 1500டி இன்னும் பையில்தான் இருக்கிறது. போன வைகாசியில் மண்டபத்தில் புதிய பாடி கையிலிருந்து நழுவி விழுந்து மவுண்ட் வளைந்தபோது, மீதிக் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தது அதுதான். பழைய லென்ஸுக்கு முழு சென்சாரும் பயன்பட வேண்டும், இரண்டு கார்டு வேண்டும் என்று பார்த்து இப்போது நான் வைத்திருப்பது ஆர்7. என் தேவைக்கு அது சரி. உங்கள் நோட்டு வேறொன்றைச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. இரண்டு கார்டு போட்டதாலேயே இரண்டிலும் பதிவாகிவிடாது. பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் ஒரு கார்டில் மட்டுமோ, ஒன்று நிரம்பியதும் அடுத்ததிலோ எழுதும்படிதான் பெரும்பாலும் இருக்கும். மெனுவில் பதிவு முறையைத் திறந்து, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும்படி மாற்றுங்கள். பத்துப் படம் எடுங்கள், முதல் கார்டைக் கழற்றிவிட்டு இரண்டாவதிலிருந்து பத்தும் வருகிறதா என்று திரையில் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சி காலையிலும், காப்பி குடிப்பதற்கு முன்னால், நான் இதைச் செய்துவிடுகிறேன்.